நடை சாத்திய பிறகு காஞ்சி

சென்னையிலிருந்து காலையில் கிளம்பும் வேன்களுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரே வழித்தடம்தான். காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர், நடுவில் கோயில் இட்லி, கடைசியில் பட்டுக்கடை. மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணியாகும். அந்த வெயில் நேரத்தைப் போக்கத் தெரியாமல்தான் பலர் கடையேறுகிறார்கள். கமிஷன் பார்க்கும் ஆட்டோக்காரர்களுக்கும் இது தெரியும்.

காலையை ஊரின் மேற்கு ஓரத்தில், கைலாசநாதர் கோயிலில் தொடங்குவது நல்லது. கூட்டம் குறைவு, வெளிச்சம் சாய்வாக விழும். கி.பி. 700-ஐ ஒட்டிப் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பியது. மணற்கல் என்பதால் சிற்பங்கள் பல அரித்துப்போய், பிற்காலச் சுதைப் பூச்சில் நிற்கின்றன. திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக 58 சிறு சன்னதிகள். சிலவற்றின் சுவரில் பல்லவர் காலத்து வண்ணம் இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கொள்ளையிடாமல் கோயிலுக்கே திருப்பித் தந்ததைச் சொல்கிறது. ஜெயித்தவன் எழுதிவைத்த தற்பெருமைதான், ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெரிகிறது. பட்டடக்கல் 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பிற்பாடு ராஜராஜ சோழனின் கல்வெட்டும் கைலாசநாதரைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்றே குறிக்கிறது.

நடை சாத்தியதும் வாலாஜாபாத் சாலையில் திரும்பினால், முத்தியால்பேட்டைப் பக்கத்தில் ஐயம்பேட்டை. பலகை வைத்த சுற்றுலாத் தலம் அல்ல, நெசவூர். வீட்டுக்குள்ளேயே தறி. காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு வாங்கித் தந்த கைத்திறனை இதுபோன்ற வீடுகளில்தான் பார்க்க முடியும்.

சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கே ஊடை இழையைக் கொண்டுசெல்லும் நாடா ஒன்றே அகலம் முழுக்க ஓடினால் உடலின் ஊடை கரையிலும் ஏறி நிறம் கலங்கிவிடும். ஆகவே மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. நெசவாளி குழிக்குள் காலை இறக்கி மிதிபலகையை மிதிக்க, ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளத் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். கரையும் உடலும் பூட்டிக்கொள்ளும் அந்த இடம் விரலால் தடவினால் பல்வரிசைபோல் நெருடும். இதுதான் கோர்வை. முந்தானை நிறம் மாறும் இடத்தில் நெடுக்கே ஓடும் பாவு இழைகளையே மாற்றி இணைக்கிறார்கள். அதற்குப் பெயர் பேட்னி. கடையில் சேலை வாங்கும்போது திருப்பிப் பார்க்க வேண்டிய இடங்கள் இந்த இரண்டும்தான். அதைத் தறியடியில் கற்றுக்கொண்டு போனால் விற்பனையாளர் பேச்சில் மயங்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது: அது அவர்கள் வீடு. கேட்காமல் படம் எடுப்பதும், தறியில் ஓடும் சேலைக்கு விலை பேசுவதும் அழகல்ல. பலர் சங்கத்துக்கோ முதலாளிக்கோ கூலிக்கு நெய்கிறார்கள், சேலை அவர்களுடையதல்ல.

நான்கு மணிக்கு வைகுண்டப் பெருமாள் கோயில். சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ வரலாறே சிற்ப வரிசையாக ஓடுகிறது. வாரிசு இல்லாமல் போன அரியணைக்குப் பன்னிரண்டு வயதுப் பையனாக அழைத்துவரப்பட்ட நந்திவர்மப் பல்லவமல்லன் எடுத்த கோயில் இது. விக்கிரமாதித்தனிடம் காஞ்சியைப் பறிகொடுத்து, மீண்டும் பெற்றவனும் இவனே. காலையில் தூணில் கண்டது வென்றவன் தரப்பு. தோற்றுத் திரும்பியவன் தன் குலக்கதையை எப்படிச் செதுக்கச் சொன்னான் என்பதை இங்கே பார்க்கலாம்.

வருவதானால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்ப்பது நல்லது. தறிக்குழியில் நீர் ஊறும், பாவு நமுத்துப்போகும், பல வீடுகளில் வேலை நின்றுவிடும். தை பிறந்தபின் கல்யாண முகூர்த்தங்களுக்காகத் தறிகள் முழுமூச்சாக ஓடும்.