உயிரணுவுக்கு ஒரு சகாயம்

சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தில், விடியுமுன் ஃபைபர் படகை அலைக்குள் தள்ளி ஏறுகிறவருக்கும், நனைந்து கனத்த வலையை இழுக்கிறவருக்கும், மீன் கூடையைச் சுமந்து விற்கப் போகிறவருக்கும் முதலாவது மூலதனம் மூச்சுதான். அத்தகைய உழைப்பாளி ஒருவருக்கு க்ஷயரோகம் என்னும் காசநோய் வந்து, ஆறு மாதம் தவறாமல் மாத்திரை உண்டு, சளியில் கிருமி இல்லையென்று பரிசோதனைச் சாலை எழுதிக் கொடுத்த பின்பும், நாலு எட்டு வேகமாய் நடந்தால் இளைக்கிறது என்றால், சிகிச்சை பூர்த்தியாயிற்றென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கிருமி ஒழிந்தாலும் நுரையீரலில் வடு நின்றுவிடுகிறது. கிருமியைத் தாக்கும் ஔஷதத்தோடு, அக்கிருமியை எதிர்த்து நிற்கும் நம் உயிரணுவுக்கும் சகாயம் செய்தால் என்ன என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அதற்கு நோயாளிகளிடத்தே விடை தேடிய முக்கியமான பரிசோதனை ஒன்றை நடத்தியது, இதே நகரத்துச் சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சுவாசத்தோடு உட்புகும் கிருமியை நுரையீரலின் சிற்றறைகளில் முதலில் எதிர்கொள்வது பெருவிழுங்கணு. கிருமியை விழுங்கி, ஒரு சிறு பைக்குள் அடைத்து, அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்னும் பையோடு அதைச் சேர்த்துச் செரித்துவிடுவது அதன் சுபாவம். காசநோய்க் கிருமியோ அவ்விரு பைகளும் ஒன்றுகூடாதபடி தடுத்து, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே, சிலரிடத்தில் ஆண்டுக்கணக்காய், ஜீவித்திருக்க வல்லது. ஆனால் உயிரணுவுக்கு வேறொரு வழியும் உண்டு. தனக்குள் பழுதுபட்ட பாகங்களைத் தானே பொதிந்து செரித்துக்கொள்ளும் தன்னுண்ணல் என்பது அது. அதன் இயக்கத்தை விளக்கியதற்காகவே ஜப்பானியரான யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் பரிசு கிடைத்தது. இதைத் தூண்டினால் கிருமியிட்ட தடை உடைந்து, கிருமி பதுங்கிய பையும் லைசோசோமைச் சேர்கிறது என்பதை 2004ல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். உடலின் எதிர்ப்புக்கு மறுபக்கமும் உண்டு. கிருமியை எதிர்க்கையில் உண்டாகும் வீக்கம், அதாவது அழற்சி, அளவு மீறினால், கிருமியைவிட அதுவே நுரையீரலை அதிகமாய்க் குடைந்து குழியாக்கிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

சர்க்கரை வியாதிக்காக நம் வீடுகளில் பலரும் உண்ணும் மெட்ஃபார்மின் என்ற மலிவான மாத்திரை, பெருவிழுங்கணுவின் கிருமி கொல்லும் திறனை வளர்க்கவும், வீக்கத்தைத் தணிக்கவும் வல்லது என்று 2014ல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். சேத்துப்பட்டு நிறுவனம் அதை மனிதரிடத்தே சோதிக்க முனைந்து, புதிதாய் நுரையீரல் காசநோய் கண்ட 322 பேரை இரு பிரிவாக்கி, வழக்கமான மருந்துகளை இரு சாராருக்கும் கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும் அவற்றோடு தினம் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மினைச் சேர்த்தது. முடிவு 2022ல் வெளியாயிற்று. சளியிலிருந்து கிருமி மறைய, மெட்ஃபார்மின் உண்டவருக்கு நடுவளவாக 42 நாள். உண்ணாதவருக்கு 41 நாள். வேகம் கூடவில்லை. ஆயினும் இரத்தத்தில் வீக்கத்தின் அடையாளங்களும் நுரையீரலின் சேதமும் மெட்ஃபார்மின் உண்டவரிடத்தில் அதிகமாய்க் குறைந்திருந்தன. இதைத் தோல்வி என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வலை இழுத்துப் பிழைப்பவருக்குக் கிருமி ஒரு நாள் முந்தி மறைவதைக் காட்டிலும், நுரையீரல் முழுமையாய் மிஞ்சுவதே பெரிது. ஆனால் இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலுள்ள உபாயம். வீட்டில் பாட்டிக்கு வாங்கி வைத்த மாத்திரையை எடுத்துக் காசநோய்க்கு யாரும் உண்ணலாகாது.

உயிரணுவுக்கான சகாயங்களில் மிகப் பழையது சோறு. 1956ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் மருந்தோடு நல்ல ஆகாரமும் ஓய்வும் பெற்றவரையும், நெருக்கமான வீட்டிலேயே தங்கி அதே மருந்து உண்டவரையும் ஒப்பிட்டு, இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைவதைக் காட்டியது. ஏழைகளுக்கு அது செய்த உபகாரம் மிகப் பெரிது. வீட்டை விட்டுப் போகாமலே குணமாகலாம் என்ற நம்பிக்கையை உலகமெங்கும் பரப்பியது இந்நகரமே. ஆனால் உணவால் பிரயோஜனமில்லை என்று அதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. ஜார்க்கண்டில் நடந்து 2023ல் வெளியான பெரிய ஆய்வில், நோயாளியின் வீட்டில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்ததில், வீட்டாரிடையே புதிதாய்க் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. ஒரே கூரையின்கீழ் ஒரே காற்றைச் சுவாசித்தும், வயிறு நிறைந்தவரின் உயிரணு கிருமியை அடக்கி வைத்திருக்கிறது.

நோயாளியின் உயிரும் உணவைச் சார்ந்தே இருக்கிறது. தமிழக அரசு 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடனே எடையும் உயரமும் அளந்து, காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல் ஓடுகிறதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மிகவும் மெலிந்தவர்களையும் தளர்ந்தவர்களையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறார்கள். எலும்பும் தோலுமாய் வந்து சேர்ந்தவரை மருந்துச் சீட்டோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பினால், மாத்திரை தன் வேலையை முடிக்கும் முன்பே ஆரம்ப வாரங்களில் உயிர் போய்விடக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.