களிம்புக்கு எத்தனை ஓம்?

மச்சானோட வள்ளத்துல எஞ்சின் கிளம்பலை. கரையில்னா தள்ளிவிட ஆள் கிடைக்கும். அன்னைக்கு வலையை இழுத்துட்டுத் திரும்புற நேரம், இருட்டிடுச்சு. வேறொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. பேட்டரி போச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டார். அதுவும் அதே கதை.

"விளக்கு பளிச்சுனு எரியுதே மாப்ளே, வயர்ல என்ன குத்தம் இருக்கும்?" என்றார். இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் குறிப்பு.

நிறுத்தி வைத்த நிலையில் மல்ட்டிமீட்டர் எங்கே வைத்தாலும் 12.6 வோல்ட்தான். அது ஒன்றையும் சொல்லாது. மின்னழுத்த இழப்பு = மின்னோட்டம் × மின்தடை. ஓட்டமே இல்லையென்றால் எவ்வளவு மோசமான இணைப்பிலும் இழப்பு சுழி. சரி, ஓம் அளவில் வைத்துத் தடையை நேராகவே அளக்கலாமே? முடியாது. மீட்டரின் இரண்டு முனை வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். நாம் தேடுவது அதில் முப்பதில் ஒரு பங்கு.

அதனால் ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லிவிட்டு அளந்தேன். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 180 ஆம்பியர். பேட்டரியின் ஈயக் குமிழில் ஒரு முனை, லக்கைத் தாண்டி கேபிளின் செம்பில் இன்னொரு முனை: 1.8 வோல்ட். ஒரு சாண் தூரம்கூட இல்லை, அதுக்குள்ள இவ்வளவு!

தடை: 1.8 ÷ 180 = 0.01 ஓம்.
திறன்: 1.8 × 180 = 324 வாட்.

0.01 ஓம் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் அந்த 324 வாட்டும் ஸ்டார்ட்டருக்குப் போகாமல் ஒரு லக்கைச் சுட வைப்பதில் போகிறது. தொட்டுப் பார்த்த மச்சான் கையை உதறினார்.

இப்போ விளக்குக்கு வருவோம். அது 2 ஆம்பியர்தான் எடுக்கும். அதே 0.01 ஓமில் இழப்பு 0.02 வோல்ட், வெப்பம் 0.04 வாட். பளிச்சென்று எரியாமல் என்ன செய்யும்? மின்னோட்டம் 90 மடங்கு ஏறினால் வெப்பம் 90 × 90, அதாவது 8,100 மடங்கு. திறனில் மின்னோட்டம் இருமடியாக வருவதன் விளைவு இது.

துறைமுகத்துக்குப் பக்கத்து அனல்மின் நிலையத்திலும் இதே கணக்குதான். 210 மெகாவாட் யூனிட் ஒன்று 15.75 கிலோவோல்ட்டில் உற்பத்தி செய்யும்போது சுமார் 9,000 ஆம்பியர். அதை 230 கிலோவோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பினால் 600 சொச்சம். கம்பி அதேதான் என்றால் வெப்ப இழப்பு இருநூறில் ஒரு பங்காகிவிடும். 12 வோல்ட் வள்ளத்துக்கு அந்த வசதி கிடையாது. தடையைக் குறைப்பது ஒன்றே வழி.

நெகட்டிவைக் கழற்றிவிட்டு, லக்கின்மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தோம். உள்ளே செம்பு இழைகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. பாதி இழை கையோடு வந்துவிட்டது. உப்புக்காத்து டேப்புக்குள்ள புகுந்தா வெளியே வராது. பேட்டரி மாற்றியபோது இதே லக்கைத்தான் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை கேபிளை வெட்டி, புது லக் அழுத்தி, மேலே கிரீஸ் தடவினோம்.

மறுபடி இழுத்தால் 240 ஆம்பியர், அதே இடத்தில் 0.06 வோல்ட். தடை 0.00025 ஓம், வெப்பம் 14 வாட் சொச்சம். பழைய பேட்டரியை மாட்டிப் பார்த்தோம், அதிலும் எஞ்சின் கிளம்பியது. புதுசுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி மச்சானிடம் நான் எதுவும் பேசவில்லை.