டெஸ்ட் எழுத எதற்கு இத்தனை ஏற்பாடு?

ஜாவாஸ்கிரிப்டில் புது ப்ராஜெக்ட் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் அடிக்கும் கட்டளை 'என்பிஎம் இனிட்'. அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் 'பேக்கேஜ் ஜேசன்' என்ற கோப்பு உருவாகியிருக்கும். அதைத் திறந்து பாருங்கள். டெஸ்ட் என்ற பெயருக்கு எதிரே ஒரு வரி தானாகவே எழுதப்பட்டிருக்கும். 'பிழை, டெஸ்ட் எதுவும் சொல்லப்படவில்லை' என்று அச்சிட்டுவிட்டுத் தோல்வியோடு வெளியேறு என்பது அதன் பொருள். பல ப்ராஜெக்ட்களில் அந்த வரியை யாரும் கடைசிவரை தொடுவதே இல்லை.

ப்ரோகிராமர்களின் சோம்பேறித்தனம் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் முழுப் பழியையும் அவர்கள்மேல் போடமாட்டேன். டெஸ்ட் எழுதச் சில நிமிடம் போதும். அதை ஓடவைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் நெடுங்காலம் அரைநாள் ஆனது.

யூனிட் டெஸ்ட் என்றால் என்ன? நிரலின் மிகச் சிறிய பகுதி ஒன்றை, பொதுவாக ஒரு ஃபங்ஷனை, தனியாக எடுத்து, இதைக் கொடுத்தால் இதுதான் திரும்ப வரவேண்டும் என்று இன்னொரு நிரலை வைத்துச் சரிபார்ப்பது. நமக்கு நெருக்கமான உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டிடம் அந்தச் சொல்லின் 'லெங்த்' என்னவென்று கேட்டால் ஐந்து என்கிறது. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகத்தான் அது பதிவாகிறது. பெயருக்கு இருபது எழுத்துதான் அனுமதி என்று ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருந்தால், தமிழில் நிரப்புகிறவருக்கு இடம் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

ஆகவே எழுத்துகளைச் சரியாக எண்ண ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். அதற்கு 'எழுத்தெண்ணி' என்றே பெயர் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். மொழியிலேயே இருக்கும் 'செக்மென்டர்' என்ற வசதி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தலகுகளாகச் சொல்லைப் பிரித்துத் தரும். அதைக் கொண்டு எண்ணினால் 'தமிழ்' மூன்றாகிறது. முதல் டெஸ்ட் இதுதான்: 'தமிழ்' கொடுத்தால் 3 வரவேண்டும். அடுத்தது, ஒன்றுமே கொடுக்காவிட்டால் 0.

மூன்றாவதில்தான் சுவாரஸ்யம். 'கொடி' என்பதில் வரும் 'கொ'வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வெவ்வேறு சொற்கள். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஒரு விசைப்பலகையில் அடித்த கொடியை இன்னொன்றில் அடித்த கொடியால் தேட முடியாமல் போவது இதனால்தான். கண்ணால் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது. இரண்டையும் ஒப்பிடும் டெஸ்ட் பிடிக்கும்.

'ஸ்ரீ'யை என்ன செய்வது? செக்மென்டர் அதை இரண்டாக எண்ணுகிறது, நாம் ஒன்றாகப் பார்க்கிறோம். எது சரி என்பதை உங்கள் மென்பொருளின் தேவைதான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்ததை டெஸ்டாக எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த ஃபங்ஷனை மாற்றி எழுதும்போது அந்த முடிவு சத்தமில்லாமல் மாறிப்போகாது.

எழுதுவது இவ்வளவு எளிது என்றால், ஏற்பாடு ஏன் அப்படிச் சிக்கலானது? ஜாவா மொழிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ப்ரோகிராமர்களான கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் அமர்ந்தே ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியை எழுதத் தொடங்கினார்கள். அதுவே அந்த மொழியின் பொதுவழக்கம் ஆனது. ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிறந்ததே பிரவுசருக்காக. சர்வர்ப் பக்கமும் சிலர் பயன்படுத்தினார்கள் என்றாலும், பிரவுசரை விட்டு வெளியே அது பரவலாக ஓடத் தொடங்கியது 2009இல் அதற்கு வழிசெய்த நோட் வந்த பிறகுதான். அதற்குப் பின் கருவிகள் வரிசைகட்டி வந்தன. 2010இல் ஜாஸ்மின், 2011இல் மோக்கா, 2012இல் கார்மா. மோக்கா டெஸ்டுகளை ஓட்டும், ஆனால் விடைகளை ஒப்பிட்டுச் சொல்லச் சாய் என்ற இன்னொரு பேக்கேஜ். நெட்வொர்க் போன்றவற்றுக்குப் போலி வைக்க சைனான். எவ்வளவு நிரல் சோதிக்கப்பட்டது என்று அளக்க இஸ்தான்புல். புதிய இலக்கணத்தில் எழுதிய நிரலைப் பழையதாக்க பேபல். ஒவ்வொன்றுக்கும் ஒரு அமைப்புக் கோப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு எண். ஒரு கிளாஸ் டீ குடிக்கத் தேயிலைத் தோட்டம் போட்ட கதைதான்.

ஃபேஸ்புக் 2014இல் வெளியிட்ட ஜெஸ்ட் இவற்றில் பலவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டித் தந்தது. ஜெஸ்ட் இவ்வளவு பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் 'இம்போர்ட்' பாணியில் எழுதிய மாட்யூல்களை அப்படியே ஓட்ட, இன்னும் சோதனை நிலையில் உள்ள ஒரு வசதியைத் தனியே திறந்துவிட வேண்டியிருக்கிறது. டெஸ்ட் எழுத உட்கார்ந்தவர் மாலைவரை அமைப்புக் கோப்போடு மல்லுக்கட்டிவிட்டு எழுந்துபோகும் இடம் இதுதான்.

2022இல் நிலைமை மாறியது. நோடின் 18ஆம் பதிப்பில் டெஸ்ட் ஓட்டும் கருவி உள்ளுக்குள்ளேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 20ஆம் பதிப்பில் அது நிலையான வசதி ஆனது. எதையும் தனியாக இறக்க வேண்டாம். பேக்கேஜ் ஜேசனில் 'டைப்' என்பதற்கு எதிரே 'மாட்யூல்' என்று போடுங்கள். டெஸ்ட் என்ற வரியில் 'நோட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளும் 'டெஸ்ட்' என்ற சொல்லும் சேருங்கள். டெஸ்ட் கோப்பின் பெயர் 'டாட் டெஸ்ட் டாட் ஜேஎஸ்' என்று முடிந்தால் நோட் தானே தேடி எடுத்து ஓட்டிவிடும். முழு ஏற்பாடும் இவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கு அசெர்ட் என்ற மாட்யூலும் கூடவே இருக்கிறது. அதில் 'ஸ்ட்ரிக்ட்' வகையை மட்டும் எடுங்கள். சாதாரண வகையின் 'ஈக்குவல்', எண்ணாக உள்ள 3ஐயும் மேற்கோள்குறிக்குள் எழுத்தாக உள்ள 3ஐயும் ஒன்றென்று சொல்லி விட்டுவிடும். அப்படிப்பட்ட டெஸ்ட் இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல்.

எழுத்தெண்ணியில் பழைய லெங்த்தையே வைத்து ஓட்டினால் டெர்மினலில் ஒரு பெருக்கல் குறியும், அதன் கீழே '5 !== 3' என்ற வரியும் வரும். வந்தது ஐந்து, வரவேண்டியது மூன்று. எந்தக் கோப்பில் எந்த வரி என்பதும் கூடவே இருக்கும். டெஸ்டின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் பல டெர்மினல்களில் நம் எழுத்து இன்றும் கொம்பு வேறு கால் வேறாகச் சிதறித்தான் தெரிகிறது. அதேபோல் இரண்டு சிறு கோடுகளோடு 'வாட்ச்' என்ற சொல்லையும் கட்டளையில் சேர்த்தால், கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் டெஸ்டுகள் தாமாகவே மறுபடி ஓடும்.

கருவி எளிதானால் போதாது, நிரலும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். நூலகத்தில் தாமதமாகத் திரும்பிய புத்தகத்துக்கு அபராதம் கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது இன்றைய தேதியைக் கணினியிடம் தானே கேட்டுக்கொண்டால், இன்று ஜெயிக்கும் டெஸ்ட் நாளை தோற்கும். அதைச் சமாளிக்கப் போலிக் கடிகாரம், அதற்கு ஓர் ஏற்பாடு என்று பட்டியல் நீளும். தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி அந்த ஃபங்ஷனை மாற்றிவிட்டால் ஒன்றுமே தேவையில்லை. புத்தகம் திரும்பவேண்டிய நாள், திரும்பிய நாள் இரண்டையும் கொடுத்து விடையைப் பார்த்தால் போதும். (ஜாவாஸ்கிரிப்டின் தேதியில் ஜனவரி மாதத்தின் எண் 0. இது ஒன்றுக்காகவே தேதிக் கணக்குகளுக்கெல்லாம் டெஸ்ட் எழுதலாம்.) டேட்டாபேஸ், நெட்வொர்க், திரை எல்லாவற்றுக்கும் இதுவே வழி. கணக்கு ஓரிடத்தில், வெளியுலகத் தொடர்பு வேறிடத்தில் என்று பிரித்துவிட்டால் டெஸ்ட் ஏற்பாட்டில் பெரும்பகுதி தேவையற்றுப் போகும்.

எல்லாருக்கும் இது போதும் என்று சொல்லவில்லை. ரியாக்ட் போன்றவற்றில் எழுதிய திரைப் பகுதிகளைச் சோதிக்க, போலிப் பிரவுசரான ஜேஎஸ்டாம் வேண்டும், இலக்கணத்தை மாற்றித் தரும் கருவியும் வேண்டும். வீட் என்ற பில்ட் கருவியை வைத்து இயங்கும் ப்ராஜெக்ட் என்றால் அதன் அமைப்பையே பயன்படுத்திக்கொள்ளும் விட்டெஸ்ட் நல்ல தேர்வு. ஜெஸ்ட் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கலைக்காதீர்கள். கார்மாவை வைத்திருப்பவர்கள் மட்டும் மாறத்தான் வேண்டும். 2023இல் அது ஓய்வுபெற்றுவிட்டதாக அதை உருவாக்கியவர்களே அறிவித்துவிட்டார்கள்.

கையில் ஏற்கெனவே ஒரு பழைய ப்ராஜெக்ட் இருந்தால், எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதப்போகிறேன் என்று கிளம்பாதீர்கள், ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். அடுத்து வரும் பிழைப் புகாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு முன்னால் அந்தப் பிழையை டெஸ்டாக எழுதி ஓட்டுங்கள், அது தோற்கட்டும். பிறகு நிரலைத் திருத்துங்கள். டெஸ்ட் ஜெயித்ததும் இரண்டையும் சேர்த்தே கமிட் செய்யுங்கள்.