சேமிப்புப் பெட்டியின் இரு வாயில்கள்

வலைப்பின்னலில் இணைந்த பல கணிப்பொறிகளுக்கும் பொதுப் பெட்டகமாய் விளங்குவது சேமிப்புப் பெட்டி. அதை நிர்வகிக்க இரு வாயில்கள் உண்டு: ஒன்று உலாவியில் திறக்கும் படத்திரை, மற்றொன்று எழுத்தால் இடும் கட்டளை. 2005-இல் ஃப்ரீநாஸ் எனத் தோன்றி, 2020-இல் ட்ரூநாஸ் எனப் பெயர் மாறிய மென்பொருளையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

நான்கு வட்டுகளை ரெய்டு-இசட்1 முறையில் தொகுத்திருக்கிறோம்; ஒன்று பழுதாகிறது. கோப்புகள் அழியவில்லை. 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' என்று கட்டளையிட்டால் 'டிகிரேடட்' என்ற விடை வரும். உடனே பெட்டியைத் திறந்து ஏதோ ஒரு வட்டை உருவிவிடலாகாது, தோழியரே! தவறி நல்ல வட்டை உருவினால் தொகுப்பே நின்றுபோகும். திரையிலுள்ள பட்டியலில் பழுதான வட்டின் தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு, வட்டின்மேல் ஒட்டிய சீட்டோடு ஒப்பிட வேண்டும்.

கட்டளை கற்றவர்களுக்குத் திரை சற்று இளப்பமாய்த் தோன்றும், எங்களுக்கும் தோன்றியதுண்டு. ஆனால் ட்ரூநாஸ் தன் அமைப்புகளை ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. திரைவழிச் செய்த மாற்றம் அதில் பதியும். கட்டளை வழியே அமைப்புக் கோப்பில் நேரடியாகத் திருத்தியது பதியாது. பெட்டியை அணைத்து மீண்டும் இயக்கினால் மறைந்துவிடக்கூடும். ஆகவே பார்ப்பதற்குக் கட்டளையையும், மாற்றுவதற்குத் திரையையும் கொள்கிறோம். புது வட்டைச் சேர்ப்பதும் திரையிலுள்ள 'ரீப்ளேஸ்' வழியேதான். சேர்த்தபின், மீட்டமைப்பு எத்தனை விழுக்காடு முடிந்தது என்று அதே கட்டளையை இட்டு இட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம்.