நிலம் மறுத்தான் மன்னன்! இடம் கொடுத்தது காயல்!

தோழர்களே! தீவு என்றதும் சிலருக்குத் திரைப்படப் பாட்டு நினைவுக்கு வரும். சிலருக்குச் சீமான்கள் கால் நீட்டிக் கிடக்கும் உல்லாச விடுதி நினைவுக்கு வரும். ஆலையிலே எட்டு மணி நேரம் நின்று கால் கடுத்த நம் பாடித் தோழனுக்கோ, "நமக்கேன் அந்த வீண் செலவு" என்றே தோன்றும். அப்படி எண்ணுவோரைத்தான் கொச்சிக்கு அழைக்கிறோம். சென்ட்ரலில் இரவு புறப்படும் ஆலப்புழை விரைவு வண்டி, நம் கொரட்டூரில் நிற்காமலே ஓடி, காலையில் எறணாகுளத்தில் இறக்கிவிடும். அங்கே உயர்நீதிமன்றத்தை அடுத்த படகுத்துறைக்குப் போய்ச் சீட்டு வாங்கினால், ஒரு நாளிலே இரண்டு மூன்று தீவுகளைக் கண்டு திரும்பலாம். நாம் கண்டு திரும்பினோம்.

2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய நீர்வழி மெட்ரோ அது. மின்கலத்தால் ஓடுகிற படகு. புகையில்லை, இரைச்சல் அதிகமில்லை, நூறு பேர் ஏறலாம். கட்டியது கொச்சிக் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர் கரங்கள். பத்துத் தீவுகளை 78 படகுகளால் இணைப்பது திட்டம். நம்மைக் கவர்ந்தது அதன் இறங்குமேடை. நீர்மட்டம் ஏறினால் மேடையும் ஏறுகிறது, இறங்கினால் மேடையும் இறங்குகிறது! கிழவியானாலும் நொண்டியானாலும் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியோடு உள்ளே போகலாம். நம் பக்கிங்காம் கால்வாயிலும் ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடின என்பதை நினைத்துப் பெருமூச்சு விட்டோம், வேறென்ன செய்வது!

படகு நகர்ந்ததும் உடன் வந்தவர்கள் போல்காட்டித் தீவைச் சுட்டிக் காட்டினார்கள். 1744-இல் டச்சுக்காரன் கட்டிய மாளிகை அங்கே இருக்கிறது. எல்லோரும் மாளிகையைப் பார்த்தார்கள். நாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காரணம் உண்டு.

ஆண்டு 1913. கொச்சியிலே மன்னராட்சி. புலையர் என்று பெயரிட்டுப் புறத்தே நிறுத்தப்பட்ட உழவர்குடி மக்கள், தமக்கென ஒரு சங்கம் காண விரும்பினர். சங்கம் என்றால் கூட்டம் வேண்டும். கூட்டம் என்றால் இடம் வேண்டும். தெருவிலே நடக்கவே தடை இருந்த ஊரில் திடலா கிடைக்கும்? மன்னன் மண்ணிலே அவர்கள் கூடலாகாது! என்ன செய்தார்கள் தெரியுமா? மீனவரின் வள்ளங்களைக் கொண்டுவந்தார்கள், ஒன்றோடொன்று பிணைத்தார்கள், பலகை பரப்பினார்கள், காயலின் மீதே மாநாடு கூட்டினார்கள்! மண் மன்னனுக்கு என்று எழுதி வைத்தவர்கள், நீர் யாருக்கு என்று எழுத மறந்துபோனார்கள் போலும். அந்த மறதிக்குள்ளே புகுந்து நின்றது ஓர் இயக்கம். ஆலை வாயிலில் கொடியேற்ற ஆறடி நிலம் கிடைக்காமல் அலைந்த தோழர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

காயல் சம்மேளனம் என்று கேரளத்தார் இன்றும் போற்றும் அந்தக் கூட்டத்துக்கு முன்நின்றவர்கள் கிருஷ்ணாதி ஆசானும் பண்டித கருப்பனும். கருப்பன் என்ற பெயரைக் கேட்டால் நம் தெருக்காரர் போலவே இருக்கிறதல்லவா! 1885-இல் சேரநல்லூரில் மீனவர் குடியிலே பிறந்தவர். வடமொழி ஓதினால் நாக்கு வேகும் என்று மிரட்டியவர்களின் காலத்தில், அந்த வடமொழியையே கற்றுப் பண்டிதரானவர். எறணாகுளத்தில் வேளாண் கண்காட்சி நடந்தபோது, "இங்கே அடுக்கி வைத்திருக்கும் விளைச்சலை விளைவித்தவனுக்கு உள்ளே வர வழியில்லை" என்ற உண்மையை ஆட்சியாளர் முன்னே எடுத்துச் சொன்னார் என்றும், திவான் தடையை நீக்கவே, படகுகளில் காத்திருந்த மக்கள் கரையேறி வந்தார்கள் என்றும் அவர் வரலாறு கூறுவர். விளைத்தவன் வெளியே, விளைச்சல் உள்ளே! அந்தச் சேரநல்லூருக்கும் 2024 மார்ச்சிலிருந்து படகுத்துறை உண்டு.

1924-இல் பெரியார் சிறை புகுந்த வைக்கத்தைப் பற்றி நம் மேடைகள் முழங்காத நாளில்லை. அந்த வைக்கமும் இதே வேம்பநாட்டுக் காயலின் கரைதான். அதற்குப் பதினோராண்டு முன்னரே வடகோடியில் இந்தப் படகு மாநாடு நடந்துவிட்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

வில்லிங்டன் தீவுக்கு ஒரு வரி போதும். துறைமுகத்துக்காகக் காயலை வாரிய மண்ணைக் கொட்டி ஆக்கிய தீவு. வேலையை நடத்திய பிரிஸ்டோ துரையின் பெயர் நிலைத்திருக்கிறது. மண் சுமந்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை.

வைப்பின் தீவுக்கு வருவோம். 1341-இல் பெருக்கெடுத்த வெள்ளம் கொட்டிய வண்டலால் உருவான நிலம் என்பர். வண்டல் கொண்டுவந்த ஆற்றின் பெயர் என்ன? பெரியாறு! (ஒலி ஒற்றுமைதான், எனினும் நமக்கு இனிக்கிறது.) ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளம், மக்கள் நெருக்கமோ நம் வியாசர்பாடி போல. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை, நகரத்து வேலைக்குப் போகிறவனுக்கும் பிள்ளைப்பேற்று வலியெடுத்தவளுக்கும் படகே கதி. பாலம் வந்த பின்னும் கோட்டைக் கொச்சிக்குப் படகுதான் குறுக்கு வழி. 2015 ஆகஸ்ட் 26 அன்று அந்தத் துறையிலே பழைய பயணிகள் படகு ஒன்று, மீன்பிடிப் படகு மோதி உடைந்து மூழ்கியது. 11 பேர் மாண்டனர். வண்டியையும் ஆளையும் சேர்த்து ஏற்றும் புதிய ஜங்கார் அங்கே ஓடத் தொடங்கியது 2018-இல்! புதுப்படகு அழகுதான், குளிர்ச்சிதான், வரவேற்கிறோம். ஆனால் குறைந்த கட்டணமே 20 ரூபாய் என்று தொடங்கினார்கள். அரசின் பழைய படகிலே அதனினும் மிகக் குறைவு. மீன் கூடையோடு நிற்கும் தாய் எதில் ஏறுவாள்? பழைய படகை நிறுத்திவிடாமல் பழுது பார்த்து ஓட்டுவதுதான் ஆள்வோர் கடமை என்போம்.

அந்த வைப்பினின் வடக்கே இருக்கிறது செறாயி. அங்கே பிறந்தவர் சகோதரன் அய்யப்பன். 1917 மே 29 அன்று, ஈழவ இளைஞர்களைத் திரட்டிப் புலையர் மக்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். கோவிலில்லை, கொடியில்லை; சோறும், பலாக்கொட்டையும் கடலையும் இட்ட குழம்பும், அவ்வளவே. அதற்கே ஊர் கொதித்தது! சொந்தச் சாதியாரே விலக்கி வைத்தனர். "புலையன் அய்யப்பன்" என்று ஏசினர். ஏச்சைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார் அந்த ஏந்தல். சாதி வேண்டாம், மதம் வேண்டாம், கடவுளும் வேண்டாம் மனிதனுக்கு என்று சொன்னவர் பிற்காலத்தில் அமைச்சராகவும் அமர்ந்தார், 1968-இல் மறைந்தார்.

வைப்பின் துறையில் இறங்கினால் செறாயிக்குப் பேருந்து உண்டு. கடற்கரைக்குப் போகிற கூட்டம் நிறைய ஏறும்; அவரது நினைவகத்தைக் கேட்டு இறங்குவோர் மிகச் சிலர். பார்த்துவிட்டு வாருங்கள் தோழர்களே. திரும்பும் படகின் நேரத்தை மட்டும் துறையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.