உஷார்! சர்க்கரைப் புண்ணுக்கு ‘பெப்டைடு’ ஊசியா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சர்க்கரை நோயோடு இருப்பவர்களே, அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளே! ‘ஆறாத புண்ணையும் ஆற்றும் பெப்டைடு’ என்று செல்போனில் விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள். கூரியரில் வரும் குப்பியை உடம்பில் ஏற்றவே ஏற்றாதீர்கள்!

முக்கியமாக, பி.பி.சி-157 என்ற பெப்டைடு. இது 15 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த பொருள். எலிகளுக்குப் புண் சீக்கிரம் ஆறியதாக ஆய்வுகள் உண்டு. சர்க்கரைப் புண் உள்ள மனிதர்களுக்குப் பலிக்கும் என்று நிரூபித்த பெரிய சோதனை ஒன்றுகூட இல்லை. 2022இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு விளையாட்டு வீரர்களுக்கு இதைத் தடை செய்தது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பாதுகாப்பு குறித்துக் கவலை தரும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

இப்படி விற்கும் குப்பிகளின் லேபிளைப் பாருங்கள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே கொஞ்சம் வெள்ளைத் தூள். அது சுத்தமானதா, கிருமி இல்லாததா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. புது ரத்தக் குழாய்களை வளர்க்கும் என்பதுதான் இதன் பெருமை. உடம்பில் தெரியாமல் புற்றுக்கட்டி இருந்தால், அதற்கும் அது தீனி போட்டுவிடுமோ என்ற அச்சமும் உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஊசியை நம்பிக் கழிகிற நாட்கள். மதமதத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதே, அப்படியொரு வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தால் ஒரு கீறல் போதும். சில நாட்களில் சீழ் எலும்பைத் தொட்டுவிடலாம், விரலையே எடுக்க நேரலாம்.

பெப்டைடு ஆராய்ச்சி பொய்யல்ல. நீங்கள் போடும் இன்சுலினே 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். புண் ஆறச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். அதனால் டாக்டர் எழுதிய இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

• தினமும் இரவில் பாதம், விரல் இடுக்கு இரண்டையும் பாருங்கள்.
• கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால், தாமதிக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.
• சீழ், நாற்றம், கறுப்பு, காய்ச்சல் இருந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்கள். முடியாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.
• ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் மறைக்காதீர்கள். குப்பியை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் சர்க்கரை உள்ளவர்களிடம் இதை இன்றே சொல்லுங்கள். சொல்லும்போதே அவர்கள் பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.