ஷியான் நகரக் காட்சியிடப் பெயர்களும் தமிழாக்கச் சிக்கல்களும்

1. முன்னுரை

சீனாவின் பண்டைத் தலைநகரங்களுள் ஷியான் தலையாயது. ஹான், தாங் முதலிய பேரரசுகளின் காலத்தில் அது 'நீடித்த அமைதி' எனப் பொருள்படும் சாங்ஆன் என்ற பெயரால் வழங்கியது. 'மேற்கு அமைதி' எனப் பொருள்படும் இன்றைய பெயர் 1369-இல் மிங் அரசு இட்டது. மிங் காலக் கோட்டை மதில், முதற் பேரரசரின் சமாதியை அடுத்துப் புதையுண்டிருந்த படை உருவங்கள், லிஷான் அடிவாரத்து வெந்நீர் ஊற்றுகள், கிழக்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் ஐந்து சிகரங்களோடு நிற்கும் ஹுவாஷான் என வரலாற்றுக் காட்சியிடங்களும் இயற்கைக் காட்சியிடங்களும் அந்நகரைச் சூழ்ந்துள்ளன.

இவ்விடங்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வருகின்றன. அதனால் சீனப் பெயரின் ஒலி ஒரு முறையும் பொருள் ஒரு முறையும் திரிகின்றன. இத்திரிபுகளின் இயல்பையும், அவற்றைத் தவிர்ப்பதற்குத் தமிழிலேயே உள்ள வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. ஒலிபெயர்ப்பு

சீன மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958-இல் சீன அரசால் ஏற்கப்பட்டது. அம்முறையில் உரோமன் எழுத்துகள் ஆங்கில ஒலிப்பைக் குறிப்பதில்லை. இதனை உணராதவர் 'எக்ஸ்' என்னும் எழுத்தைக் கண்டு 'க்ஸியான்' என்றும், 'க்யூ' என்னும் எழுத்தைக் கண்டு சின் பேரரசைக் 'குயின்' என்றும் எழுதிவிடுகின்றனர்.

பின்யினில் ஷியான் என்பதன் இடையே ஒரு மேற்குறி இடப்படுகிறது. அக்குறி இல்லையேல் அப்பெயர் ஓரசைச் சொல்லாகி 'ஷியென்' என்று ஒலிக்கும். தமிழில் இக்குறி தேவையில்லை. இகரத்தின் பின் உயிர் வரின் யகர உடம்படுமெய் தோன்றும் என்ற நன்னூல் நெறிப்படி 'ஷி', 'ஆன்' ஆகிய இரண்டும் 'ஷியான்' என்றாகி, அசை எல்லையைத் தாமே காட்டிவிடுகின்றன. சாங்ஆன் என்ற பழம்பெயரில் நிலைமை வேறு. தமிழில் ஙகர மெய்க்குப் பின் ககரம் வருவதே இயல்பு. எனவே சேர்த்து எழுதினால் 'சாங்கான்' என்று இல்லாத ஒலி ஒன்று நுழைகிறது. இங்கு உயிரெழுத்தைப் பிரித்தெழுதுவதே பொருந்தும்.

சீனத்தில் சொற்பொருளை வேறுபடுத்தும் தொனியைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. ஷியானைத் தலைநகராகக் கொண்ட மாகாணமும் அதன் கிழக்கே உள்ள அண்டை மாகாணமும் முதலசையின் தொனியில் மட்டுமே வேறுபடுகின்றன. உரோமன் எழுத்தில் முன்னதற்கு ஓர் அகரத்தை மிகுத்து எழுதுவது மரபு. தமிழில் இரண்டும் 'ஷான்சி' ஆகிவிடுவதால் செய்திகளில் இரு மாகாணங்களும் மயங்குகின்றன. தமிழிலுள்ள அளபெடை வடிவத்தைக் கடன்கொண்டு முன்னதை 'ஷாஅன்சி' என எழுதலாம். இங்கு அளபெடை ஒலி நீட்டத்தைக் குறிக்காது, வேறுபாட்டுக் குறியாக மட்டுமே நிற்கும்.

3. பொதுக்கூறும் சிறப்புக்கூறும்

இடப்பெயர்கள் பலவும் சிறப்புக்கூறு, பொதுக்கூறு என்னும் இரு பகுதிகளால் ஆனவை. ஷான் (மலை), ஹோ (ஆறு), மென் (வாயில்) முதலியன சீனத்தின் பொதுக்கூறுகள். 'ஹுவாஷான் மலை' என்பதில் மலை இருமுறை வருகிறது. இது 'கேட்டுவாசல்' போன்ற கூட்டு. ஆகவே 'ஷான்' என்பதை நீக்கிவிடலாம் என்று தோன்றும். சோங்நான்ஷான் என்பதைச் 'சோங்நான் மலை' எனல் தடையின்றி அமைகிறது. லிஷானை 'லி மலை' என்பதோ தமிழ்ச் சொல்லமைப்போடு முரண்படுகிறது. தனிக்குறில் சொல்லாக நிற்பது தமிழில் மிக அரிது. நன்னூல் கூறும் ஓரெழுத்தொரு மொழிகளுள் நொ, து ஆகிய இரண்டே குறில். சீனத்திலும் ஓரசைச் சிறப்புக்கூறு பொதுக்கூறின்றித் தனித்து வழங்குவது குறைவு. எனவே ஓரசைப் பெயர்களில் 'லிஷான் மலை', 'ஹுவாஷான் மலை' என்ற மிகையை ஏற்பதே தக்கது.

பொதுக்கூறை மொழிபெயர்த்தே தீரவேண்டிய இடமும் உண்டு. நகரின் தெற்கே நீளும் மலைத்தொடர் 'சின்லிங்'. முதற் பேரரசரின் சமாதியைச் சுருக்கமாகக் குறிக்கும் பெயரும் 'சின்லிங்'. எழுத்தும் தொனியும் வேறு; தமிழ் வடிவம் ஒன்று. 'சின் மலைத்தொடர்', 'சின் பேரரசர் சமாதி' என்று பொருள் தோன்ற எழுதினாலன்றிப் படிப்பவர் மலையைத் தேடிச் சமாதிக்குச் செல்ல நேரும்.

4. பொருள் திரியும் இடங்கள்

நகர நடுவில் 1384-இல் எழுப்பப்பட்டுப் பின்னர் 1582-இல் இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்ட கட்டடம் 'சோங்லோவ்'. 'சோங்' மணி, 'லோவ்' பல தளக் கட்டடம். இதனை 'மணிக்கூண்டு' என்றால் தமிழர் கடிகாரத்தை எதிர்பார்ப்பர். 'மணிமண்டபம்' என்றால் நினைவிடம் என்று கொள்வர். அடுக்குக் கட்டடத்தைக் குறிக்கும் 'மாடம்' என்ற பழஞ்சொல் 'லோவ்' என்பதற்கு நேராகப் பொருந்துவதால், இதனை மணிமாடம் என்றும் அருகிலுள்ள இணைக் கட்டடத்தை முரசுமாடம் என்றும் வழங்கலாம்.

1974-இல் உழவர்கள் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட படை உருவங்களைச் சீனர் 'பிங் மா யோங்' என்பர். 'யோங்' என்பது இறந்தாரோடு புதைக்கப்படும் உருவம். ஆங்கிலப் பெயர் சுடுமண் என்னும் மூலப்பொருளைச் சொல்லி, ஈமப் பயனை விட்டுவிட்டது. 'சுடுமண் படை' என்பது பரவிவிட்ட வழக்கு. எனினும் முதல் ஆட்சியிலேனும் 'ஈமப்பாவை' என்ற விளக்கம் உடன்வருதல் வேண்டும்.

1087-இல் தோற்றம் கொண்ட கற்பொறிப்புத் தொகுதி 'பெய்லின்' எனப்படும். அது சொல்லுக்குச் சொல் 'கல்வெட்டுக் காடு'. சீனத்தில் 'லின்' செறிவை உணர்த்தும் உவமை. தமிழில் கல்லும் காடும் இணைந்தால் இடுகாட்டின் நினைவே எழும். 781-இல் பொறிக்கப்பட்ட கிறித்தவக் கல்வெட்டும் செவ்வியல் நூல்கள் முழுமையாகச் செதுக்கப்பட்ட கற்களும் நிற்கும் அறிவுக்கூடத்துக்கு அந்நிழல் தகாது. 'கல்வெட்டுச் சோலை' என்பது செறிவையும் விருப்பையும் ஒருங்கே தரும்.

5. அன்னமும் தூபியும்

இந்தியாவிலிருந்து 657 நூல்களுடன் 645-இல் சாங்ஆன் மீண்ட யுவான் சுவாங், அவற்றைப் பாதுகாக்க 652-இல் எழுப்பச் செய்த கட்டடம் 'தாயென்தா'. ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி இது தமிழில் 'பெரிய காட்டு வாத்துப் பகோடா' ஆகிறது. பறவையும் உணவுப் பண்டமும் சேர்ந்து நகைப்பை விளைக்கும் பெயர் இது.

இதன் பெயர்க்காரணம் பற்றிய விளக்கங்கள் பல. பரவலாக ஏற்கப்படுவது, யுவான் சுவாங்கே தம் பயண நூலில் பதிவு செய்த மகத நாட்டு ஹம்சத் தூபியின் கதை. ஹம்சத்தைச் சீனர் 'யென்' என்றனர். ஆங்கிலேயர் அதனைக் காட்டு வாத்தாக்கினர். ஹம்சம் என்பதன் தமிழ் வடிவமாகப் பொதுவாகக் கருதப்படும் 'அன்னம்' இருக்க, இந்தியாவிலிருந்து சென்ற பெயர் இந்திய மொழிக்கு மீளும்போது வாத்தாக வேண்டியதில்லை.

'தா' என்பதும் இந்தியச் சொல்லே. தூபம், ஸ்தூபம் என்னும் வடிவங்களைச் சீனர் ஒலிபெயர்த்துச் சுருக்கியது. ஆதலின் 'தூபி' என்பதே நேரானது. 'கோபுரம்' என்பது வாயில் மேலெழும் கட்டடமாதலால் பொருந்தாது எனலாம்; ஆயினும் 1867-இல் இடிக்கப்படும் வரை நாகப்பட்டினத்தில் நின்ற, 'சீனப் பகோடா' என்றும் பெயர்பெற்ற உயர்ந்த கட்டடம் 'புதுவெளிகோபுரம்' என வழங்கியது. மக்கள் வழக்கு அச்சொல்லை விரித்தாண்டதற்கு அது சான்று.

'பெரிய' என்ற அடை பறவைக்கா, கட்டடத்துக்கா என்ற ஐயமும் உண்டு. பிற்காலத்தில், 707-709-இல், எழுந்த மற்றொன்று 'சிறிய' என்ற அடை பெறுவதால் அடை கட்டடத்துக்கே உரியது. 'அன்னப் பெருந்தூபி', 'அன்னச் சிறுதூபி' என அடையை இடமாற்றினால் ஐயம் நீங்கும்.

6. முடிவுரை

எவற்றை மொழிபெயர்க்கலாகாது என்பதற்கு ஐந்து நெறிகளை யுவான் சுவாங் வகுத்ததாகச் சீன மரபு கூறும்: மறைமொழி, பலபொருள் ஒருசொல், தம் நாட்டில் இல்லாத பொருள், முன்னோர் ஒலிபெயர்த்து வழங்கிய சொல், மதிப்புக்குரிய சொல். நான்காம் நெறிப்படி, பின்யின் ஒலிப்பு 'ஷுவான்சாங்' ஆயினும், பள்ளி நூல்களில் நிலைத்த 'யுவான் சுவாங்' என்ற வடிவத்தை மாற்ற வேண்டியதில்லை. அது வெந்நீர் ஊற்று அரண்மனையில் வாழ்ந்த ஷுவான்சோங் பேரரசரோடு மயங்காமலும் காக்கிறது.

சிறப்புக்கூறை ஒலிபெயர்த்தல், பொதுக்கூறைப் பொருள்பெயர்த்தல், ஓரசைப் பெயரில் இரண்டையும் வைத்தல், நிலைத்த வழக்கைப் பேணல் ஆகிய நான்கும் இப்பெயர்களைத் தமிழாக்குவோர்க்கு உதவும் நெறிகளாம். இவற்றுக்கெல்லாம் முற்பட்டது, ஆங்கில வடிவத்தைக் கடந்து மூலப்பெயரை ஒருமுறை நோக்கும் பழக்கம். அன்னம் வாத்தானது அந்நோக்கு இன்மையாலேயே ஆகும்.